பட்டா கொடுத்தால் வீடு கொடுத்ததாகுமா?

"ஏழுமலையான் காலடியில் உங்களுக்கென்று ஒரு மனை!" சிங்கப்பூரில் நம்மாட்கள் இருக்கும் எந்த வாட்ஸாப் குழுவைத் திறந்தாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த மாதிரி விளம்பரம் கண்ணில் படும். சனி, ஞாயிறுகளில் ஓட்டல் ஹாலில் ஸ்டால் போட்டு, காப்பி கொடுத்து, சுவரில் சேஷாசல மலைப் படத்தை மாட்டி வைத்து விற்கிறார்கள். அப்ரூவ்ட் லேஅவுட், நாற்பதடி ரோடு, ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து பத்தே நிமிஷம். (எந்த வண்டியில் என்று கேட்கக் கூடாது.) வாங்குபவர்களும் நாம்தான். வாங்கி, சுற்றிலும் கல் நட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மொட்டை போட வரும்போது டாக்சியை நிறுத்தி எட்டிப் பார்த்து, முள்ளை வெட்டச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுவோம்.

நான் அந்தப் பக்கத்து ஆள். பழைய சித்தூர் ஜில்லா. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். 1911 வரைக்கும் சித்தூர் வடஆற்காட்டோடு இருந்தது, 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போய் நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம் என்கிற கதையெல்லாம் இன்னொரு நாளைக்கு. 2022 ஏப்ரலில் ஜில்லாவையே பிளந்து திருப்பதியைத் தனியாக்கிவிட்டார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிற பேச்சு மட்டும் ஒன்றுதான்: யாருக்குப் பட்டா வந்தது, யாருக்கு வரவில்லை, எத்தனை சென்ட்.

இந்த "எத்தனை சென்ட்" சண்டையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு கட்சி ஒரு சென்ட் கொடுத்தது. இன்னொரு கட்சி இரண்டு கொடுக்கிறேன் என்கிறது. டீக்கடையில் இரண்டு தரப்பும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் செய்வது ஒரே தப்பு. ஏழைக்கு வீடு என்றால் அவன் பேரிலோ அவன் பெண்சாதி பேரிலோ ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவுவது என்று நம் அரசாங்கங்கள் முடிவு கட்டிவிட்டன. வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டி, அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, கட்டுப்படியாகிற வாடகைக்கு விடுவது என்கிற யோசனையே அவர்கள் மண்டையில் இல்லை. நம் மண்டையிலும் இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

கொஞ்சம் பழைய கணக்கைப் பார்ப்போம். 2006-ல் ராஜசேகர ரெட்டி அரசு கொண்டுவந்தது இந்திரம்மா திட்டம். மறு வருஷமே நடுத்தர வர்க்கத்துக்கென்று ராஜீவ் ஸ்வக்ருஹா என்று ஒரு கார்ப்பரேஷன். அதன் கட்டி முடிக்காத பிளாட்டுகளை 2022-ல் கூட ஹைதராபாத் பக்கம் தெலங்கானா அரசு ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. 2015-ல் மத்திய அரசின் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா. அதை வைத்துக்கொண்டு சந்திரபாபு அரசு டிட்கோ என்ற நிறுவனத்தின் மூலம் அடுக்கு வீடுகள் கட்ட ஆரம்பித்தது. 300, 365, 430 சதுர அடி என மூன்று அளவு. 2019-ல் ஆட்சி மாறியது, வேலை படுத்தது. பேங்க் கடன் வாங்கியவர்களில் பலருக்குச் சாவி வருவதற்கு முன்னால் தவணை நோட்டீஸ் வந்தது. பிறகு 300 சதுர அடி வீடு ஒரு ரூபாய்க்கு என்றார்கள். 2020 டிசம்பரில் ஜகன் அரசின் "பேதலந்தரிகி இள்ளு". மாநிலம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் மனைப் பட்டா, 17 ஆயிரம் காலனி. எங்கள் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்தி ஊரந்தூரில் முதலமைச்சரே வந்து கொடுத்தார். நகரத்தில் ஒரு சென்ட், கிராமத்தில் ஒன்றரை. 2024-ல் மறுபடி ஆட்சி மாற்றம். இப்போது நகரத்தில் இரண்டு, கிராமத்தில் மூன்று என்று 2025 ஜனவரியில் அரசாணை.

இருபது வருஷம், நாலு பேர், நாலு வண்ண பெயிண்ட். இத்தனைக்கும் பிறகு திருப்பதி மாநகராட்சியிடம், புதிதாக ஊருக்குப் பிழைக்க வருகிற ஒரு குடும்பத்துக்கு "இந்தா, இங்கே இரு" என்று வாடகைக்குக் கொடுக்க எத்தனை வீடு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் கட்டியதெல்லாம் கட்டியவுடனே கொடுத்தாகிவிட்டது. அடுத்த தேர்தலுக்கு மறுபடி முதலிலிருந்து நிலம் தேட வேண்டும். ஊர் வளர்ந்துவிட்டதால் நிலம் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைக்கும்.

ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம். திருப்பதிப் பக்கம் மனையை அங்கணத்தில் பேசுவார்கள். ஆறுக்கு ஆறு, 36 சதுர அடி ஒரு அங்கணம். அப்படியானால் ஒரு சென்ட் பன்னிரண்டு அங்கணம். அதில் 340 சதுர அடி வீடு, கட்ட 1.80 லட்சம் ரூபாய், கொஞ்சம் இலவச மணல், பற்றாக்குறைக்குப் பெண்கள் குழு மூலம் பாவலா வட்டிக்கு 35 ஆயிரம் கடன். இந்தக் காசில் கடைக்கால் எடுத்துப் பேஸ்மட்டம் போட்டு நிமிர்வதற்குள் முக்கால்வாசி கரைந்துவிடும் என்று எந்த மேஸ்திரியும் சொல்வார். 2021 அக்டோபரில் ஆந்திர உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, ஒரு சென்ட் என்பது மனிதர் குடியிருக்கப் போதாது என்று சொல்லிக் கட்டுமானத்துக்கே தடை போட்டார். மேல்முறையீட்டில் அந்த வருஷக் கடைசிக்குள் தடை நீங்கிவிட்டது. நீதிபதி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவரும் சென்ட்டைத்தான் அளந்தார். கிலோமீட்டரை யாரும் அளக்கவில்லை.

கிலோமீட்டர்தான் விஷயமே. திருப்பதிக்கு வடக்கே மலை, காடு. அந்தப் பக்கம் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. மிச்சப் பக்கங்களில் தேவஸ்தான நிலம், மடத்து நிலம், அதில் தீராத வழக்குகள், பிறகு ஏரிகள். ஏரிக்குள்ளும் ஓடைக்குள்ளும் கட்டியதன் லட்சணத்தை 2021 நவம்பர் மழையில் பார்த்தோம். தெருவெல்லாம் ஆறாக ஓடியது, ஸ்வர்ணமுகி கரையில் வீடு சரிந்து விழுந்தது. ஆக, ஊருக்குள் இருக்கிற கொஞ்சம் நிலத்துக்கு யானை விலை. 2011 கணக்கெடுப்பில் 2.87 லட்சம் பேர் இருந்த ஊருக்குள் தினமும் 60, 70 ஆயிரம் பக்தர்கள் வேறு வந்து போகிறார்கள். சாலையோரத்து மனையெல்லாம் லாட்ஜ் ஆவதில் ஆச்சரியம் என்ன? திருப்பதி ஏழைகளுக்கென்று கட்டிய டிட்கோ வீடுகள் ரேணிகுண்டாவையும் தாண்டி ஏர்ப்பேடு மண்டலத்து விக்ருதமாலாவில் நிற்பதிலும் ஆச்சரியமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். உறவுதான், தம்பி முறை. அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலில் மாஸ்டர். அதிகாலை நாலரைக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். அவள் ஆஸ்பத்திரியில் ஆயா, ஷிப்ட் ஆறு மணிக்கு. அரசாங்கப் பட்டா வந்தது, சந்தோஷமாகத்தான் வாங்கினார்கள், நானும் போனில் வாழ்த்தினேன். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர். நாலரைக்கு அடுப்படியில் நிற்கிறவனுக்கு அங்கிருந்து எந்த பஸ் வரும்? வீட்டைச் சுவர் வரைக்கும் எழுப்பினார்கள், கடனை வாங்கிக் கூரையும் போட்டார்கள். குடியிருப்பது என்னவோ ஊருக்குள் பழைய ஒற்றை அறையில்தான். இப்போது அறைக்கு வாடகையும் கட்டுகிறான், வீட்டுக்கு வட்டியும் கட்டுகிறான். ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் குடியிருப்பது பக்கத்து நிலத்துக்காரரின் வைக்கோல். அரசாங்கக் கணக்கில் இவர்கள் வீடு கிடைத்த குடும்பம். இனி எந்தத் திட்டத்திலும் பேர் வராது. "விற்றுவிடேன்டா" என்றேன். "அண்ணா, பொம்பளைப் பிள்ளை இருக்கு, பேருக்கு ஒரு இடம் இருக்கட்டும்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஏழைக்கு அது வீடு இல்லை, சீட்டு கட்டுகிற மாதிரி ஒரு சேமிப்பு. சேமிப்புத் திட்டம் நல்லதுதான், ஆனால் அதற்குக் குடியிருப்புத் திட்டம் என்று பேர் வைத்தால் ராத்திரி அந்தக் குழந்தை எங்கே படுக்கும்?

இது எங்கள் ஊர் கதை மட்டுமில்லை. 2012-ல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் குறைவு என்று கணக்குச் சொன்னது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும். அதே சமயம் 2011 கணக்கெடுப்புப்படி நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.1 கோடி. ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, இன்னொரு பக்கம் வீடில்லாத ஆள். இதற்கு நடுவில் "மலிவு வீடு" என்று சட்டத்தில் எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? 2019 ஏப்ரல் முதல் 45 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வீடு "அஃபோர்டபிள்". அதற்கு ஜிஎஸ்டி ஒரு சதவீதம்தான். அந்தச் சலுகையில் பிளாட் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஓட்டல் மாஸ்டருக்கும் எனக்கும் ஒரே வார்த்தை, "மலிவு".

அரசாங்கம் வாடகைக்கு வீடு விடுவதெல்லாம் நம்மூரில் நடக்காது, அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்பார்கள். நடக்காதா? மலை மேலே போய்ப் பாருங்கள். திருமலையில் தேவஸ்தானம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளை நடத்துகிறது. அதில் பெரும்பகுதி 50 ரூபாய், 100 ரூபாய் வாடகை. கீழே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்ரீநிவாசம், ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், அப்புறம் மாதவம். பெருக்குகிறார்கள், வெள்ளை அடிக்கிறார்கள், தண்ணீர் வருகிறது, ஆன்லைனில் புக் பண்ணினால் சாவி கிடைக்கிறது. ஒரு அறையையும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிடவில்லை. அதனால்தான் என் தாத்தா தங்கிய மாதிரி நானும் தங்க முடிகிறது, என் பேரனும் தங்குவான். ஊருக்குள், கோயிலுக்குப் பக்கத்தில், குறைந்த வாடகையில், ஒரு பொது நிறுவனம் தன் கையிலேயே வைத்துப் பராமரிக்கும் ஆயிரக்கணக்கான அறைகள்! உலகம் பூரா "சோஷியல் ஹவுசிங்" என்று மாநாடு போட்டுப் பேசுகிற விஷயத்தில் பாதி இதுதான். ஒரே ஒரு வித்தியாசம், இது ஒரு ராத்திரி தங்குபவருக்கு. அந்த அறையைப் பெருக்குகிற பெண் வருஷம் பூரா எங்கே தங்குகிறாள் என்பதற்கு அந்த அமைப்பில் பதில் இல்லை.

நிரந்தர ஊழியர்களுக்கு தேவஸ்தானக் குவார்ட்டர்ஸ் உண்டு, விநாயக நகரில் பார்க்கலாம். ஆனால் அங்கேயும் காற்று பட்டாப் பக்கமே அடிக்கிறது. 2023-ல் தேவஸ்தான ஊழியர்களுக்கு வடமாலப்பேட்டை பக்கம் மனைகள் கொடுத்தார்கள். கான்ட்ராக்ட் தொழிலாளி கணக்கிலேயே வருவதில்லை. அதே 2023 அக்டோபரில் தேவஸ்தான பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை திருப்பதி ஊர் வளர்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று அறங்காவலர் குழு முடிவெடுத்தபோது எதிர்ப்பு கிளம்பி, மாநில அரசே வேண்டாம் என்றுவிட்டது. உண்டியல் பணத்தை எடுத்து ஊருக்கு ரோடு போடாதே என்பதில் எனக்கும் உடன்பாடுதான். நான் கேட்பது உண்டியலை இல்லை. தன்னிடம் கூலி வேலை செய்கிறவனுக்குத் தங்க இடம் தருவது முதலாளியின் பொறுப்பு, அது ஊர் வளர்ச்சி நிதி ஆகாது. மிச்சப் பேருக்கு மாநகராட்சியும் டூடாவும் அரசாங்கமும் செய்யட்டும். அறை நடத்தும் வித்தையை மட்டும் மலைமேலே போய்க் கற்றுக்கொள்ளட்டும்.

சிங்கப்பூர் கதையைச் சொல்லாமல் விட்டால் "அங்கே இருந்துகொண்டு இதைச் சொல்லலையே" என்பீர்கள். 1960-ல் எச்.டி.பி. ஆரம்பித்து ஐந்தே வருஷத்தில் 50 ஆயிரம் வீடுகளுக்கு மேல் கட்டினார்கள். 1966-ல் நிலம் கையகப்படுத்தும் சட்டம். இன்றைக்கும் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் எட்டுப் பேர் எச்.டி.பி. வீட்டில்தான். "பார், அங்கே எல்லாருக்கும் சொந்த வீடு" என்று நம்மாட்கள் மார் தட்டுவார்கள். சொந்தம் என்பது 99 வருஷக் குத்தகை ஐயா! நிலம் என்றைக்கும் அரசாங்கத்துடையது. அதையும் வாங்க முடியாதவருக்கு ஒன்று, இரண்டு அறை வாடகை வீடு தனியாக இருக்கிறது. அதோடு எம்.ஆர்.டி. வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. மனையைக் கொடுத்துவிட்டு பஸ்ஸை மறந்த கதை அங்கே இல்லை. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 கொரோனாவில் டார்மிட்டரிகளில் அடைபட்டுக் கிடந்த நம் தம்பிகளைப் பார்த்தவர்கள் சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக் கணக்கில் அவர்கள் இல்லை.

இங்கிலாந்து நேர் எதிர்ப் பாடம். 1980-ல் தாட்சர் அம்மையார், கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டார். வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கை மாறின, அதற்கு ஈடாகப் புதிதாகக் கட்டவில்லை. அடுத்த தலைமுறை இப்போது லண்டனில் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுக்கிறது. அவர்கள் நூறு வருஷம் கட்டிச் சேர்த்து வைத்துப் பிறகு விற்றார்கள். நாம் சேர்ப்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறோம்.

"சரி சார், அரசாங்கம் கட்டுகிற லட்சணம் தெரியாதா?" தெரியும். சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் 2021-ல் சுவரைச் சுரண்டினால் சிமெண்ட் உதிர்ந்ததை டிவியில் நானும் பார்த்தேன். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியதும் தெரியும். 1970-ல் குடிசை மாற்று வாரியம் ஆரம்பித்தபோது இருந்த இடத்திலேயே வீடு என்பதுதான் பேச்சு. பிறகு அது எப்படித் தேய்ந்தது என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். 2020 ஜூலையில் மத்திய அரசே வாடகை வீட்டுத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடந்த 83 ஆயிரம் வீடுகளை வாடகைக்கு விடப் போகிறோம் என்றார்கள். சில வருஷம் கழித்தும் மாறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த வீடுகள் ஏன் காலியாகக் கிடந்தன என்று யோசித்தால் மறுபடி கிலோமீட்டரில்தான் வந்து நிற்போம்.

மோசமாகக் கட்டுகிறார்கள் என்றால் நன்றாகக் கட்டச் சொல்லிச் சட்டையைப் பிடிக்க வேண்டுமே தவிர, கட்டவே வேண்டாம், நிலத்தை மட்டும் கொடு என்பது என்ன நியாயம்? அரசாங்க ஆஸ்பத்திரி சரியில்லை என்பதற்காக ஆளுக்கு ஒரு மாத்திரை அட்டை கொடுத்து அனுப்பிவிடுகிறோமா? முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. தமிழ்நாட்டில் தோழி விடுதிகள் நடக்கின்றன. பெரிய கம்பெனிக்காகத்தானே செய்தார்கள் என்றால், ஆமாம். ஆனால் செய்ய முடிந்தது அல்லவா? எல்லைக்கு இந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிற பெண்கள் தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும் ஒரு அறைக்கு நாலைந்து பேராக இருந்துகொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு சீசனில் வருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு யார் பட்டா கொடுக்க முடியும்? அவர்களுக்கு வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒரு நல்ல அறை.

2024 செப்டம்பரில் தொடங்கிய ஆவாஸ் யோஜனா இரண்டாம் பாகத்தில் வாடகை வீட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆந்திர அரசு இரண்டு சென்ட்டா மூன்று சென்ட்டா என்று ஏலம் போடுவதை நிறுத்திவிட்டு, திருப்பதி ஊருக்குள் கையில் இருக்கிற அரசு நிலத்தில் அதை முதலில் கட்டட்டும். ஒரு ஆள் பேரிலும் எழுதிக் கொடுக்காமல்.

காசு? அங்கேதான் நம் கதை வருகிறது, நழுவக் கூடாது. வெளிநாட்டு இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது, மனையும் வீடும் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கினோம். பெங்களூர்க்காரரும் சென்னைக்காரரும் வாங்கினார்கள். ஊரைச் சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள் கண்ணுக்கெட்டிய வரை கிடக்க, அவற்றையெல்லாம் தாண்டி இருபதாவது கிலோமீட்டரில் ஏழைக்குப் பட்டா. ஓட்டல் மாஸ்டரை அவ்வளவு தூரம் தள்ளியது அரசாங்கம் மட்டுமில்லை, நடுவில் நம் முள்செடிகள் படுத்திருக்கின்றன. ஆந்திராவில் நகராட்சிச் சட்டத்திலேயே காலிமனை வரி என்று ஒன்று உண்டு. அதை ஒழுங்காகப் போடட்டும், வருஷத்துக்கு வருஷம் ஏற்றட்டும், வெளிநாட்டில் இருக்கிறவருக்கு ஈமெயிலில் நோட்டீஸ் அனுப்பட்டும். வருகிற காசைத் தனிக் கணக்கில் போட்டு ஊருக்குள் வாடகை வீடு கட்டட்டும். "கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு சார்" என்று யாராவது ஆரம்பித்தால், நாலரைக்கு அடுப்பு பற்ற வைக்கிறவனும் கஷ்டப்பட்டுத்தான் சம்பாதிக்கிறான்.

என் பேரில் அங்கே மனை கிடையாது, அதனால்தான் இப்படித் தைரியமாக எழுதுகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மாமனார் பேரில் ரெண்டு இருக்கிறது. காலிமனை வரியைப் பற்றி இன்னும் அவரிடம் பேசவில்லை. பொங்கலுக்குப் போகும்போது பேச வேண்டும்.